தாரா, தார் ராக்ஸா: வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகிந்திராவின் இப்போதைய மூன்று கதவுத் தார் 2020 அக்டோபரில் வந்தது. ஐந்து கதவுத் தார் ராக்ஸ் 2024 ஆகஸ்டில் வந்தது. முகம் கிட்டத்தட்ட ஒன்று, பெயரிலும் பாதி ஒன்று. குழப்பம் வருவது இயல்புதான்.

ராக்ஸ் என்பது கதவு கூடிய தார், அவ்வளவுதானே?

இல்லை. தாரின் நீளம் 3985 மி.மீ., வீல்பேஸ் 2450 மி.மீ. ராக்ஸின் நீளம் 4428 மி.மீ., வீல்பேஸ் 2850 மி.மீ. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே மட்டும் 40 செ.மீ. கூடியிருக்கிறது. அந்த 40 செ.மீ.தான் பின்சீட்டைத் தருகிறது. மேட்டில் வயிறு தட்டுவதும், குறுகிய இடத்தில் திருப்பச் சிரமப்படுவதும் அதனால்தான்.

அடியில் இருப்பதும் வேறு. ராக்ஸின் சேஸிஸ் (அடிச்சட்டம்) மகிந்திராவின் இன்னொரு எஸ்யூவியான ஸ்கார்பியோ-என் வழியில் வந்தது. இரண்டிலும் பின்னால் ஒரே திண்ணமான அச்சுதான். ஆனால் ராக்ஸில் அந்த அச்சை வாட்ஸ் லிங்க் என்ற இணைப்பு பிடித்திருப்பதால், பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அச்சு பக்கவாட்டில் நகராது. பின்னால் உட்காருபவர்களுக்கு அந்த 'வெட்டு' குறையும். தாரில் ஸ்டியரிங் ஹைட்ராலிக், ராக்ஸில் எலக்ட்ரிக். ஊருக்குள் பார்க்கிங் போடும்போது ராக்ஸ் பெரிய வண்டியாக இருந்தும் கை வலிக்காதது இதனால்தான்.

அப்படியானால் முதலில் எதை முடிவு செய்வது?

தாரா ராக்ஸா என்பதை அல்ல. 4×4, அதாவது நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி போகும் அமைப்பு, வேண்டுமா வேண்டாமா என்பதை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஷோரூமில் ராக்ஸைப் பார்த்து மயங்கி, பட்ஜெட் இடித்ததும் 4×4-ஐ விட்டுவிட்டு, பிறகு ஈர மண்ணில் ஏறும்போது பின் சக்கரம் வீணாகச் சுழல்வதைப் பார்த்து வருந்துகிறார்கள். சிலர் எதிர்த்திசையில் போய், தார்ச் சாலையை விட்டு ஒரு நாளும் இறங்காத வண்டியில் லாக்கர் (இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் கருவி) வரை வாங்கி வைக்கிறார்கள்.

உங்கள் தோட்டத்துப் பாதை மழைக்காலத்தில் சேறாகிறதா? எஸ்டேட் வேலையா? மாதம் ஒரு முறையாவது ட்ரெயில் (கரடுமுரடான பாதைப் பயணம்) போவீர்களா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் 4×4 எடுங்கள். அதன்பின் தாரா ராக்ஸா என்று பாருங்கள். மூன்றுக்கும் 'இல்லை' என்றால் பின் சக்கர இயக்கமே போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் வால்பாறையின் 40 வளைவுகளுக்கும் 4×4 தேவையில்லை. நல்ல டயரும் சரியான கியரும் போதும்.

எந்த இன்ஜினில் 4×4 கிடைக்கும்?

தாரில் 2.0 லிட்டர் டர்போ பெட்ரோலிலும் (150 எச்பி) 2.2 லிட்டர் டீசலிலும் (130 எச்பி சக்தி, 300 என்எம் முறுக்குவிசை) 4×4 உண்டு. 1.5 லிட்டர் டீசல் பின் சக்கர இயக்கம் மட்டும்.

ராக்ஸில் 4×4 என்றால் டீசல்தான். மேனுவலில் 152 எச்பி, 330 என்எம். ஆட்டோமேட்டிக்கில் 175 எச்பி, 370 என்எம். ராக்ஸ் பெட்ரோல் எவ்வளவு பலமாக இருந்தாலும் பின் சக்கர இயக்கத்தோடு நின்றுவிடும். ஆக, பெட்ரோலும் 4×4-உம் சேர்ந்து வேண்டும் என்பவருக்கு இந்தப் பக்கத்தின் மீதிக் கேள்விகள் தேவையில்லை. அவருக்குத் தார்தான்.

கரடுமுரடான இடத்தில் எது கெட்டி?

முன்னால் ஏறும் கோணம் இரண்டிலும் 41 டிகிரிக்கு மேல். பின்னால் இறங்கும் கோணம் இரண்டிலும் சுமார் 36. வித்தியாசம் நடுவயிற்றில்தான். மேட்டின் உச்சியைத் தாண்டும் கோணம் தாரில் வேரியன்ட்டைப் பொறுத்து 26 முதல் 27 டிகிரி, ராக்ஸில் 23.9.

மூன்று டிகிரி என்றால் காகிதத்தில் அற்பம். வரப்பையோ, வாய்க்கால் கரையையோ, கூம்பாகக் குவிந்த மண்மேட்டையோ தாண்டும்போது அதுதான் எல்லாம். முன் சக்கரம் உச்சியைத் தாண்டி இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறவில்லை, நடுவில் சேஸிஸ் மேட்டின் மேல் உட்கார்ந்துவிடும். எடை முழுவதும் வயிற்றில் விழுந்தபின் நான்கு சக்கரமும் சுற்றும், வண்டி நகராது. இந்த நிலையில் லாக்கர் உதவாது, ஏனென்றால் பிடிப்பதற்குச் சக்கரத்தின் கீழ் அழுத்தமே இல்லை. ராக்ஸ் ஓட்டுபவர் இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஏறுவதற்கு முன் இறங்கிப் போய்ப் பார்ப்பது. மேட்டின் இரு பக்கமும் கல்லோ மண்ணோ போட்டுச் சரிவை நீட்டினால் போதும், கோணம் குறைந்துவிடும். உட்கார்ந்தபின் ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் குழி பறிக்கும், வயிறு இன்னும் இறுகும். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் கீழ் கல் அடுக்குவதே வழி.

நீண்ட வீல்பேஸுக்கு நல்ல பக்கமும் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் ராக்ஸ் அதிகம் துள்ளாது. தார் குட்டையாக இருப்பதால் படிப்படியான பாறையில் முன்னும் பின்னும் ஆடும். புதிதாகப் பழகுபவர்களுக்கு ராக்ஸ் நிதானமாகத் தோன்றும். மரங்களுக்கு இடையே வளைந்து போகும் பாதை என்றால் தாரை மிஞ்ச முடியாது. ராக்ஸ் முன்னும் பின்னும் எடுத்துத் திரும்பும் இடத்தில் தார் ஒரே வெட்டில் போய்விடும்.

லாக்கர், பிரேக் லாக் என்கிறார்களே, என்ன வேறுபாடு?

ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் எந்தச் சக்கரம் எளிதாகச் சுற்றுகிறதோ அதற்கே சுழற்சியை விட்டுவிடும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதுதான் வேகமாகச் சுற்றும், தரையில் இருப்பது சும்மா நிற்கும். இதைச் சமாளிக்க மூன்று வழிகள் இந்த இரண்டு வண்டிகளில் உண்டு.

பிரேக் லாக்: சுழலும் சக்கரத்தை மட்டும் கணினி பிரேக் பிடித்து, சக்தியை மறு சக்கரத்துக்குத் தள்ளும். சின்னச் சிக்கலுக்குப் போதும். தொடர்ந்து வேலை வாங்கினால் பிரேக் சூடாகும்.

தாரின் மெக்கானிக்கல் லாக்கர்: பொத்தான் கிடையாது. பின் சக்கரங்கள் இரண்டுக்கும் வேக வித்தியாசம் கூடியதும் 'டக்' என்று தானே பூட்டிக்கொள்ளும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். சக்கரம் சுழல்வதைக் கேட்டதும் பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிடுவார்கள். லாக்கர் பிடிக்க இன்னும் ஒரு நொடிதான் இருந்திருக்கும். காலைச் சீராக வைத்து, சக்கரத்தைக் கொஞ்சம் சுழலவிட்டால்தான் அது பிடிக்கும். இது எல்லாத் தாரிலும் வராது. விற்பனையாளர் வாய்வார்த்தையை நம்பாமல், புக்கிங் படிவத்தில் வேரியன்ட் பெயருக்கு நேரே லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ராக்ஸ் 4×4-இன் எலக்ட்ரானிக் லாக்கர்: நீங்களே பொத்தானை அழுத்திப் பூட்டலாம். சக்கரம் சுழலத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தடைக்குள் நுழையும் முன்பே பூட்டுங்கள், தாண்டியதும் எடுத்துவிடுங்கள். பூட்டியபடி இறுக்கமாகத் திருப்பினால் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும். வழுக்கும் சரிவில் இது ஆபத்து.

ஓட்டுபவரின் கையில் கட்டுப்பாடு இருப்பதால் ராக்ஸின் ஏற்பாடே மேல். தாரின் லாக்கர் மோசமில்லை, பழக வேண்டும்.

4எச், 4எல் எப்போது போட வேண்டும்?

இரண்டு வண்டியும் பகுதிநேர 4×4 வகை: வழக்கமாகப் பின் சக்கர இயக்கம், தேவைப்படும்போது மட்டும் 4எச் (நான்கு சக்கரம், சாதாரண வேகம்) அல்லது 4எல் (நான்கு சக்கரம், குறைந்த வேகம், கூடுதல் இழுவை). 4எச் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடும், நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் போக வேண்டும். மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரி செய்துகொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கம் பூராவும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிக்கும் பெட்டி) புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் (சக்தியை அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) ஏறும். ஸ்டியரிங் கனத்து, வண்டி இழுத்து இழுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். "மழை பெய்கிறதே, 4எச்சில் போவோம்" என்று ஈரமான நல்ல ரோட்டில் போடுவதும் வேண்டாம்.

4எச்: சேறு, மணல், சரளை. ஸ்டியரிங் நேராக, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

4எல்: செங்குத்து ஏற்றம், இறக்கம், பாறை, ஆழமான சேறு. வண்டியை நிறுத்தி, மேனுவல் என்றால் கிளட்ச்சை முழுக்க மிதித்து, ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலில் வைத்து மாற்ற வேண்டும். விழ மறுத்தால் முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள். வண்டியை ஒரு முழம் உருளவிட்டு மறுபடி முயன்றால் பற்கள் பொருந்தி விழும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது ஆட்டோமேட்டிக்கின் 'பி' வண்டியைப் பிடிக்காது. ஹேண்ட் பிரேக் போடாமல் கீழே இறங்கக் கூடாது.

மாதம் ஒரு முறையாவது மண் தரையில் 4×4 போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் போடாமல் விட்டால், தேவைப்படும் நாளில் லிவர் இறுகி நிற்கும்.

18 அங்குல டயரா, 19 அங்குலமா?

ராக்ஸின் மேல் வேரியன்ட்டில் 255/60 ஆர்19, கீழே உள்ளவற்றில் 255/65 ஆர்18. கணக்குப் போட்டால் இரண்டின் மொத்த உயரமும் 789 மி.மீ.தான். மாறுவது பக்கச் சுவர், அதாவது ரிம்முக்கு வெளியே இருக்கும் ரப்பரின் உயரம்: 18-இல் சுமார் 166 மி.மீ., 19-இல் 153. காற்றைக் குறைத்து மணலில் ஓட்ட, கல்லில் ரிம் அடிபடாமல் காக்க, அந்த உயரம் வேண்டும். ட்ரெயில் போகிறவருக்கு 18 தான் சரி. தாரில் சில வேரியன்ட்டுகளில் வந்த 245/75 ஆர்16-இன் பக்கச் சுவர் 184 மி.மீ. அழகுக்காக அதைக் கழற்றிப் பெரிய அலாய் போடுபவர்கள் கையிலிருக்கும் நல்ல பொருளை விற்கிறார்கள்.

ரோட்டில் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவுதான் காற்று. சேறுக்கும் கல்லுக்கும் 20 முதல் 22 பிஎஸ்ஐ, மணலுக்கு 15 முதல் 18. அந்த நிலையில் மெதுவாகத்தான் போக வேண்டும், சட்டென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். ரோட்டுக்கு ஏறும் முன் காற்றை நிரப்ப வேண்டும். நல்ல கம்ப்ரஸரை பேட்டரியில் நேராகக் கிளிப் போட்டு இயக்குங்கள். உள்ளே இருக்கும் சாக்கெட்டில் போட்டால் ஃபியூஸ் போகும்.

தண்ணீரில் எவ்வளவு ஆழம் போகலாம்?

இரண்டுக்கும் 650 மி.மீ. சக்கரத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 39 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆகவே தண்ணீர் அந்த நடுப்புள்ளிக்கு மேல் ஒரு சாண் வந்தாலே எல்லை நெருங்கிவிட்டது. அதுவும் தேங்கிய தண்ணீருக்குச் சொன்ன அளவு. ஓடும் தண்ணீர் முழங்காலுக்கு வந்தாலே திரும்பிவிடுங்கள்.

4எல், முதல் அல்லது இரண்டாம் கியர், நடக்கும் வேகம். நடுவில் கியர் மாற்றாதீர்கள், நிற்காதீர்கள். இன்ஜின் தண்ணீருக்குள் நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்ய முயலவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும். வெளியே இழுத்து, ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரமா என்று பார்த்த பிறகுதான் மற்றது. அச்சு மூழ்கும் ஆழத்தில் போனால் மறுவாரமே டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும்.

வீட்டில் வயதானவர்கள், குழந்தைகள் இருக்கிறார்கள். தார் சரிப்படுமா?

சரிப்படாது. தாரில் நான்கு பேர்தான், அதிலும் பின்சீட்டுக்கு முன்சீட்டை மடக்கி ஏற வேண்டும். முட்டி வலி உள்ள அம்மாவை ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஹார்ட் டாப்பில் பின் கண்ணாடியும் இறங்காது. நான்கு பேர் உட்கார்ந்தால் டிக்கியில் இரண்டு பைகளுக்குத்தான் இடம்.

ராக்ஸில் ஐந்து பேர், தனிக் கதவு, 447 லிட்டர் டிக்கி. படி உயரம் அதிலும் அதிகம்தான், பக்கப் படி போட வேண்டி வரும். வெள்ளை உள்ளலங்காரம் சேற்றுக் காலோடு ஏறுபவர்களுக்கு ஒத்துவராது. 4×4 வேரியன்ட்டுகளில் மோக்கா பிரவுன் நிறமும் உண்டு, அதைக் கேளுங்கள். இரண்டிலும் பின்கதவு ஸ்டெப்னியைச் சுமந்தபடி பக்கவாட்டில் திறக்கும். வீட்டு போர்ட்டிகோவில் சுவரை ஒட்டி நிறுத்துபவர்கள் பின்னால் இடம் விட வேண்டும்.

பாதுகாப்பில்?

ராக்ஸுக்கு, மோதல் சோதனை நடத்தும் இந்திய அமைப்பான பாரத் என்கேப் 2024-இல் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது: பெரியவர்கள் பாதுகாப்பில் 32-க்கு 31.09, குழந்தைகளுக்கு 49-க்கு 45. தாருக்கு 2020-இல் சர்வதேச அமைப்பான குளோபல் என்கேப் நான்கு நட்சத்திரம் கொடுத்தது. சோதனை விதிகள் வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் ராக்ஸில் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக், தாரில் இரண்டு. இதை ஒப்பிடலாம்.

தமிழ்நாட்டில் ஆன்-ரோடு விலை ஏன் இவ்வளவு ஏறுகிறது?

சாலை வரிதான். 2023 நவம்பர் முதல் கார்களுக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எல்லையைத் தாண்டினால் முழு விலைக்கும் புதிய சதவீதம். உதாரணமாக 19,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 3,58,200. 20,10,000 ரூபாய் வண்டிக்கு 4,02,000. வண்டி விலையில் 20 ஆயிரம்தான் வித்தியாசம், வரியில் 43,800. ராக்ஸ் 4×4-இன் விலை 2024-இல் அறிவித்தபோது 18.79 லட்சம் முதல் 22.49 லட்சம் வரை இருந்தது. அதாவது இந்த எல்லை நடுவில்தான் ஓடுகிறது. வேரியன்ட் தேர்வு செய்யும்போது இரண்டு கொட்டேஷன் வாங்கி அருகருகே வையுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் மாறியது. நான்கு மீட்டருக்குள், 1500 சிசிக்குள் இருக்கும் டீசலுக்கு 18 சதவீதம். 1.5 டீசல் தார் இதற்குள் வருகிறது. மற்றத் தார்களுக்கும் எல்லா ராக்ஸுக்கும் 40. தார் 1.5 அவ்வளவு மலிவாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

தினமும் ஐந்து கிலோமீட்டர் ஆபீஸ். டீசல் எடுக்கலாமா?

வேண்டாம். டீசல் புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் வடிகட்டி, கரியை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். ஐந்து கிலோமீட்டரில் இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவீர்கள். கரி சேரும், விளக்கு எரியும். விளக்கு எரிந்தபின் நெடுஞ்சாலையில் 20 நிமிடம் மூன்றாம் நான்காம் கியரில் சற்று உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓட்டினால் பெரும்பாலும் அணையும். அதையும் பொருட்படுத்தாமல் விட்டால் சர்வீஸ் சென்டரில் கட்டாயச் சுத்தம்தான்.

பம்பர், பெரிய டயர் எல்லாம் மாற்றலாமா?

முன்னால் புல் பார் (பம்பருக்கு முன் வைக்கும் இரும்புச் சட்டம்) போடுவது 2017 டிசம்பர் சுற்றறிக்கைப்படி தடை. ஏர்பேக் சென்சார் வேலை செய்யும் விதத்தையும் அது கெடுக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ளது தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. அதே அளவில் ஆல்-டெரைன் டயர் (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போடுவது சிக்கலில்லாத, உண்மையில் பயன் தரும் மாற்றம். மீதிப் பணத்துக்கு 8 டன் தாங்கும் இழுவைப் பட்டை, 4.75 டன் ஷேக்கிள் (பட்டையை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையம்) இரண்டு, கையுறை, மண்வெட்டி வாங்குங்கள்.

பழைய தார் வாங்கினால் என்ன பார்ப்பது?

சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். அடியில் காய்ந்த சேற்றுக் கோடு இருந்தால் வண்டி மூழ்கியிருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். அடியில் டிஃபரன்ஷியல் உறையிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடித்தகட்டிலும் கல் அடித்த நசுங்கல், எண்ணெய்க் கசிவு. முன் அச்சின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா. மண் தரையில் 4எச், 4எல் இரண்டையும் போட்டு நேராகவும் வளைத்தும் ஓட்டுங்கள். கியர் மாற்றும்போது அடியிலிருந்து 'கடக்' என்று வந்தால் யுனிவர்சல் ஜாயின்ட். சாஃப்ட் டாப் வண்டியென்றால் கூரை ஓரங்களில் பைப்பால் தண்ணீர் அடித்து, பத்து நிமிடம் கழித்து உள்ளே தொட்டுப் பாருங்கள்.

வாங்கியபின் எங்கே ஓட்டலாம்?

சொந்த நிலம், அனுமதி உள்ள ட்ராக், ஏற்பாடு செய்யப்பட்ட ட்ரெயில். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்தால் வழக்கு. படங்களில் பார்த்து ஆசைப்படும் தென் மாவட்டச் செம்மண் தேரியிலும் (மணல்மேடு) குதிரைமொழி போன்ற பகுதி காப்புக்காடுதான். கடற்கரை மணலும் வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் முட்டையிடும் காலம், உப்பு வேறு அடிப்பாகத்தை அரித்துவிடும். எங்கே ஓட்டினாலும் அன்று மாலையே அடியில் தண்ணீர் அடித்துக் கழுவி, ரேடியேட்டர் முன்னால் ஒட்டிய சேற்றை மெதுவாகத் தண்ணீர் விட்டு எடுங்கள். பிரஷர் வாஷரை அங்கே நேராகப் பிடித்தால் தகடுகள் மடிந்துவிடும்.